அமெரிக்காவில் ஏன் இரண்டு வகை நீதிமன்றங்கள்? ஆலிவர் எல்ஸ்வொர்த் போட்ட அடித்தளம்

'நியூயார்க் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு' என்று செய்தித்தலைப்பு வரும். படிப்பவர்கள் அந்த மாநிலத்தின் கடைசித் தீர்ப்பே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நியூயார்க் மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்ற பெயர் வழக்கு முதன்முதலில் விசாரணைக்கு வரும் நீதிமன்றத்துக்குத்தான். அங்கே கடைசிப் படி 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. இதேபோல, ஜனாதிபதி நினைத்தால் யாரை வேண்டுமானாலும் மன்னித்துவிடலாம் என்றும், வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் எந்தத் தீர்ப்பையும் மாற்றலாம் என்றும் பலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒரே ஒரு நீதிமன்ற ஏணி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். இந்தியாவில் மத்திய அரசின் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் வழக்கு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் ஏறும்: மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் செய்தியைப் படித்தால் கணக்கு உதைக்கும். அங்கே ஏணிகள் இரண்டு. 1789இல் அந்த இரண்டாவது ஏணியைச் செய்து நிறுத்தியவர்களில் முதன்மையானவர் கனெக்டிகட் மாநிலத்து வழக்கறிஞரும் செனட்டருமான ஆலிவர் எல்ஸ்வொர்த். அவர் வாழ்க்கையைக் கூடவே வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு ஏன் இப்படி இருக்கிறது என்பது எளிதில் புரியும்.

முதலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு

ஒரு குடியிருப்பில் 13 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பத்தலைவர், சொந்த நடைமுறை. எத்தனை மணிக்குச் சாப்பாடு, யார் எந்த அறையில் தூங்குவது என்பதெல்லாம் வீட்டுக்குள் தீரும் விஷயங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வாசல் காவல் ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றைக் கவனிக்க ஒரு சங்கம் இருக்கிறது.

மூன்றாம் வீட்டில் அண்ணன் தம்பி சண்டை என்றால் சங்கத்துக்கு அங்கே வேலையில்லை. மோட்டாரை யாராவது உடைத்தால் சங்கம் கேட்கும். மூன்றாம் வீட்டுக்காரரும் ஏழாம் வீட்டுக்காரரும் மோதிக்கொண்டால்? மூன்றாம் வீட்டுத் தலைவரே தீர்ப்புச் சொன்னால் ஏழாம் வீட்டுக்காரர் ஏற்கமாட்டார். அதையும் சங்கம் கேட்பதுதான் நியாயம். 'சங்க விதி எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று ஒரு வீட்டுத்தலைவர் முடிவெடுத்தால், அந்த ஒரு புள்ளியை மட்டும் சங்கம் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீடுகள் என்பவை மாநிலங்கள். சங்கம் என்பது எல்லா மாநிலங்களும் சேர்ந்து அமைத்த பொது அரசு. அதைக் கூட்டாட்சி அரசு என்கிறோம். ஒரு நீதிமன்றம் எந்தெந்த வழக்கைக் கேட்கலாம் என்ற எல்லைக்கோட்டுக்கு அதிகார வரம்பு என்று பெயர். அமெரிக்க நீதிமன்றச் செய்தி எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதிகார வரம்பைப் பற்றியதுதான்.

இதுவரை: மாநில வழக்குக்கு ஓர் ஏணி, கூட்டாட்சி வழக்குக்கு வேறு ஏணி. இரண்டையும் இணைப்பது உச்சியில் போட்ட ஒரு குறுகிய பலகை மட்டுமே.

விறகு வெட்டிக் கடனடைத்த வழக்கறிஞர்

எல்ஸ்வொர்த் 1745 ஏப்ரல் 29 அன்று கனெக்டிகட்டின் வின்ட்சர் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். யேல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு முடிவில் விலகி, இன்று பிரின்ஸ்டன் எனப்படும் நியூஜெர்சி கல்லூரியில் 1766இல் பட்டம் பெற்றார். பாதிரியார் ஆக்கிவிட வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஓராண்டு இறையியல் படித்துப் பார்த்துவிட்டு மகன் சட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது சட்டக் கல்லூரி என்று எதுவும் அங்கே கிடையாது. கனெக்டிகட்டில் டாப்பிங் ரீவ் தொடங்கிய புகழ்பெற்ற லிட்ச்ஃபீல்ட் சட்டப்பள்ளிகூட 1784இல்தான் வந்தது. அதுவரை மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, மனுக்களைப் படியெடுத்து எழுதித் தொழில் கற்பதே வழி. எல்ஸ்வொர்த் 1771இல் வழக்கறிஞராகப் பதிவானபோது படிப்புக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் இருந்தது. மரம் வெட்டி ஹார்ட்ஃபோர்டில் விற்றுக் கடனை அடைத்தார். முதல் மூன்று ஆண்டுகளில் தொழிலில் கிடைத்த மொத்த வருமானம் 3 பவுண்டு. குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லை. கோர்ட் நடக்கும் நாளில் வின்ட்சரிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்குப் போகவரச் சுமார் 20 மைல் நடந்தார்.

பிறகு தொழில் பெருகியது. 1773 முதல் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர்; 1777இல் ஹார்ட்ஃபோர்டு கவுண்டியின் அரசு வழக்கறிஞர். பின்னாளில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டர் இளைஞராக இவர் வீட்டில் தங்கிச் சட்டம் படித்திருக்கிறார்.

சட்டமியற்றுபவராக அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி முக்கியம். கட்டணம் எவ்வளவு, வாய்தா எத்தனை, தீர்ப்பு கையில் இருந்தும் பணம் ஏன் வரவில்லை என்று தினமும் பார்த்தவர் அவர்.

தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை: 'ஆக்டிவ்' கப்பல் வழக்கு

1778 செப்டம்பர். பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருக்கிறது. பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்ட கிடியன் ஓம்ஸ்டெட் என்ற கனெக்டிகட் மாலுமியையும் அவருடைய தோழர்கள் மூவரையும், ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்குச் சரக்கு கொண்டுபோகும் 'ஆக்டிவ்' என்ற பாய்மரக் கப்பலில் வேலைக்கு ஏற்றியிருந்தார்கள். வழியில் நால்வரும் கப்பலைக் கைப்பற்றி நியூஜெர்சிக் கரையை நோக்கித் திருப்பினார்கள். கரை நெருங்கும்போது பென்சில்வேனியா மாநிலத்தின் போர்க்கப்பல் 'கன்வென்ஷன்' குறுக்கே வந்து, 'இது எங்கள் பிடி' என்றது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆயுதக் கப்பலும் பங்கு கேட்டது.

பிடிபட்ட எதிரிக் கப்பலை விற்று அந்தப் பணத்தைப் பிடித்தவர்களுக்குப் பங்கிடுவது அன்றைய போர் முறை. வழக்கு பென்சில்வேனியா மாநில நீதிமன்றத்துக்குப் போனது. ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட ஊர்மக்கள் குழு, ஓம்ஸ்டெட் தரப்புக்கு நான்கில் ஒரு பங்கு மட்டுமே தந்தது. மீதி முக்கால் பங்கு மாநில அரசுக்கும் அந்த இரண்டு கப்பல்களின் ஆட்களுக்கும்.

இங்கேதான் எல்ஸ்வொர்த் வருகிறார். அப்போது 13 மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்தது காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் அவை. அதற்குச் சொந்தமாக நீதிமன்றம் கிடையாது. கப்பல் பிடிப்பு வழக்குகளில் மேல்முறையீடு கேட்க உறுப்பினர்களிலேயே ஒரு சிறு குழு இருந்தது. எல்ஸ்வொர்த் அதில் ஒருவர். 1778 டிசம்பரில் குழு மாநிலத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, முழுப் பணமும் ஓம்ஸ்டெட் தரப்புக்கே என்றது.

பென்சில்வேனியா நீதிபதி ஜார்ஜ் ராஸ் கேட்கவில்லை. ஜூரி கண்ட உண்மையை யாரும் மறுபடி ஆராய முடியாது என்பது எங்கள் மாநிலச் சட்டம் என்றார். பணத்தை ராஸிடம் தரக்கூடாது என்று குழு தடை போட்டது. அதையும் மீறிப் பணம் ராஸிடம் போய்ச் சேர்ந்தது. குழுவால் யாரையும் கைது செய்ய முடியாது. ஏவுவதற்குச் சொந்தமாக ஓர் அமீனாகூட இல்லை. அவமதிப்பு நடவடிக்கை எடுத்தால் போர்க்காலத்தில் ஒற்றுமை குலையும் என்ற பயம் வேறு. தன் அதிகாரம் தெளிவாகும்வரை வேறு மேல்முறையீடு கேட்பதில்லை என்று சொல்லிக் குழு ஒதுங்கிக்கொண்டது. மாநில அரசின் பங்கான ஏறத்தாழ 11,500 பவுண்டு, பென்சில்வேனியாவின் பொருளாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் கையில் தங்கிவிட்டது.

மேலே ஓர் அவை தீர்ப்புச் சொல்கிறது, கீழே ஒரு மாநிலம் அதைச் செல்லாக்காசாக்குகிறது. குடியிருப்பில் சங்கம் இருக்கிறது, ஆனால் சங்கத்திடம் சாவி இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை.

1787: அரசியலமைப்பு திறந்துவிட்ட கதவு

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு எழுதக் கூடிய 55 பேரில் எல்ஸ்வொர்த்தும் ஒருவர். மக்கள்தொகைப்படி ஓர் அவை, மாநிலத்துக்கு இரண்டு இடம் என்று சமமாக இன்னோர் அவை (இதுவே செனட்) என்ற கனெக்டிகட் சமரசத்துக்காகத் தன் மாநிலத்தின் இன்னொரு பிரதிநிதியான ரோஜர் ஷெர்மனோடு சேர்ந்து வாதாடினார். முதல் வரைவை எழுதிய ஐவர் குழுவிலும் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குத் திரும்பிவிட்டதால் கையெழுத்திட்ட 39 பேரில் அவர் பெயர் இருக்காது. அதை வைத்து அவர் பங்கைக் குறைத்து எடைபோடுவது சரியல்ல.

மாநில விவகாரம் மாநிலத்துக்கே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதிக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. அடிமைகளை இறக்குமதி செய்யும் பிரச்சினை எழுந்தபோதும் அதை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி முடிவுசெய்யட்டும் என்றே சொன்னார். 'வீட்டு விஷயம்' என்று ஒதுக்கி வைத்ததில் மனிதர்களை விற்று வாங்கும் வணிகமும் அடங்கியது. அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை விட்டுவிடக்கூடாது.

நீதிமன்றங்களைப் பற்றி அரசியலமைப்பு சொன்னது மிகக் கொஞ்சம்: ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கும், அதற்குக் கீழே காங்கிரஸ் அவ்வப்போது அமைக்கும் நீதிமன்றங்கள் இருக்கும். நீதிபதிகள் எத்தனை பேர், கீழ் நீதிமன்றங்கள் எங்கே, எந்த வழக்கு எங்கே என்று எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் என்பது அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காங்கிரஸ் இயற்றும் சட்டம் தீர்மானிக்கும் எண், முன்பு பலமுறை மாறியிருக்கிறது.

இதுவரை: அரசியலமைப்பு கதவைத் திறந்து வைத்தது. உள்ளே அறைகளைக் கட்ட ஒரு சட்டம் வேண்டும்.

செனட்டின் முதல் மசோதா: இயந்திரம் எப்படி ஓடியது

1789 ஏப்ரலில் புதிய செனட் கூடிய மறுநாளே நீதிமன்றச் சட்டத்துக்குக் குழு அமைத்தது. தலைமை எல்ஸ்வொர்த். ஜூன் 12 அன்று வந்த மசோதாவுக்கு எண் 1. வரைவின் முக்கியப் பகுதிகள் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன. தொடக்கப் பிரிவுகளை எழுதியவர் நியூஜெர்சி செனட்டர் வில்லியம் பேட்டர்சன். செனட்டில் 14க்கு 6 என்று நிறைவேறி, செப்டம்பர் 24 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டார். இதுவே 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம்.

அடித்தளத்தில் 13 மாவட்ட நீதிமன்றங்கள். அதுவரை அரசியலமைப்பை ஏற்ற மாநிலங்கள் 11. மாசச்சூசெட்ஸில் அடங்கியிருந்த மெய்னுக்கும் வர்ஜீனியாவில் அடங்கியிருந்த கென்டக்கிக்கும் தனி மாவட்டம் சேர்த்ததால் 13 ஆனது. மாவட்ட எல்லை மாநில எல்லையைத் தாண்டவில்லை. நீதிபதி அந்த மாவட்டத்திலேயே வசிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து நம்மை விசாரிப்பார்களோ என்ற பயத்துக்கு இது பதில். கப்பல் வழக்குகள் இங்கே. சிறு குற்றங்களும் இங்கேதான், ஆனால் தண்டனை 30 கசையடி, 100 டாலர் அபராதம், 6 மாதச் சிறை என்ற அளவைத் தாண்டக்கூடாது.

நடுவில் சுற்று நீதிமன்றங்கள். நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்து நடத்துவதால் இந்தப் பெயர். நாடு கிழக்கு, நடு, தெற்கு என்று 3 சுற்றாகப் பிரிந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் உள்ளூர் மாவட்ட நீதிபதி ஒருவரும் ஆண்டுக்கு இருமுறை அமர்வார்கள். பெரிய கூட்டாட்சிக் குற்றங்களும், வெவ்வேறு மாநிலத்தவர்களுக்கு இடையே 500 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளும் இங்கே. மூன்றாம் வீடும் ஏழாம் வீடும் மோதும் வழக்கு இதுதான். இன்று அந்தத் தொகை வரம்பு 75,000 டாலர்.

உச்சியில் தலைமை நீதிபதி ஒருவரும் துணை நீதிபதிகள் ஐவரும் கொண்ட உச்ச நீதிமன்றம்.

வழக்கறிஞரின் கைவேலை இதற்கு மேல்தான் தெரிகிறது. வெளிமாநிலத்தவர்மேல் ஒருவர் தன் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், பிரதிவாதி அதைக் கூட்டாட்சி ஏணிக்கு மாற்றக் கேட்கலாம். ஆனால் முதன்முதலில் ஆஜராகும்போதே மனுவும் பிணையும் கொடுத்துவிட வேண்டும். விசாரணையை நடத்திப் பார்த்து, காற்று எதிராக வீசினால் இடம் மாறிக்கொள்ளும் தந்திரத்துக்கு இதில் இடமில்லை. கூட்டாட்சிச் சட்டம் எதுவும் பேசாத வழக்குகளில் கூட்டாட்சி நீதிமன்றமும் அந்த மாநிலத்தின் சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்று 34ஆம் பிரிவு சொன்னது.

அந்தக் குறுகிய பலகைதான் 25ஆம் பிரிவு. மாநிலத்தின் கடைசி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, மூன்று சூழல்களில் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அன்று அது சொன்னது: அமெரிக்காவின் சட்டமோ ஒப்பந்தமோ செல்லாது என்று சொல்லியிருந்தால், அரசியலமைப்புக்கு முரண் என்று தாக்கப்பட்ட மாநிலச் சட்டத்தைச் செல்லும் என்று சொல்லியிருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் கேட்ட உரிமையை மறுத்திருந்தால். அந்தப் புள்ளியை மாநில நீதிமன்றத்திலேயே எழுப்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வாஷிங்டனில் போய்ப் புதிதாகச் சொன்னால் எடுபடாது. இன்றும் பல வழக்குகள் இங்கேதான் சறுக்குகின்றன.

இன்றைய செய்தியை எப்படிப் படிப்பது

குற்ற வழக்கின் பெயரைப் பாருங்கள். 'யுனைட்டட் ஸ்டேட்ஸ்' எதிர் இன்னார் என்றிருந்தால் கூட்டாட்சி வழக்கு. 'ஸ்டேட்', 'பீப்பிள்', 'காமன்வெல்த்' எதிர் இன்னார் என்றிருந்தால் மாநில வழக்கு. கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு ஆகியவை பெரும்பாலும் மாநில ஏணி. மாநிலக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரை ஜனாதிபதி மன்னிக்க முடியாது. அவருடைய மன்னிப்பு கூட்டாட்சிக் குற்றங்களுக்கு மட்டும். ஒரே செயல் இரண்டு அரசின் சட்டத்தையும் மீறினால் இரண்டு ஏணியிலும் தனித்தனியாக வழக்கு நடக்கலாம். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணையா என்று கேட்பவர்களுக்கு அங்குள்ள நீதிமன்றங்கள் தரும் பதில், மீறப்பட்டவை இரண்டு அரசுகளின் சட்டங்கள் என்பதே.

எங்கே கோளாறானது

முதல் கோளாறு பயணம். வயதான நீதிபதிகள் குதிரையிலும் வண்டியிலும் மோசமான சாலைகளில் ஆண்டுக்கு இருமுறை அலைந்தார்கள். தான் சுற்றில் சொன்ன தீர்ப்பையே பிறகு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடாகக் கேட்க வேண்டிய சங்கடமும் இருந்தது. 1793இல் ஒரு சுற்றுக்கு இருவர் என்பது ஒருவராகக் குறைந்தது. தனி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1891இல்தான் வந்தன. 1796இல் தலைமை நீதிபதியான எல்ஸ்வொர்த்தே தான் எழுதிய சட்டத்தின் சாலைகளில் பயணம் செய்தார். பிறகு ஃபிரான்ஸுக்குத் தூதராகப் போய், 1800இல் உடன்படிக்கை முடித்து, உடல் நலிந்து அங்கிருந்தபடியே பதவி விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் மார்ஷல்.

இரண்டாவது கோளாறு அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. அரசியலமைப்பு தந்ததைவிட அதிகமான வழக்குகளை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு அது கொண்டுவருவதாகச் சொல்லி, 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் மார்ஷல் அந்தப் பகுதியைச் செல்லாது என்றார். வரைவில் பங்கெடுத்த பேட்டர்சனும் அப்போது நீதிபதியாக இருந்தார். எல்லை மீறும் சட்டத்தை நீதிபதிகள் செல்லாது என்று சொல்வார்கள் என்று 1788லேயே, அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யக் கூடிய கனெக்டிகட் கூட்டத்தில் விளக்கியவர் எல்ஸ்வொர்த்தான்.

25ஆம் பிரிவை எதிர்த்து வர்ஜீனியாவின் உயர்ந்த நீதிமன்றம் கொடி பிடித்தது. 1816இல் உச்ச நீதிமன்றம் பலகை நிற்கும் என்று உறுதிசெய்தது.

ஓம்ஸ்டெட்டின் பணம்

ரிட்டன்ஹவுஸ் 1796இல் இறந்தார். கப்பல் பணம் அவருடைய மகள்கள் கைக்குப் போனது. ஓம்ஸ்டெட் விடவில்லை. இப்போது ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இருந்தது. 1803இல் நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ் ஓம்ஸ்டெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். கொடுக்கக்கூடாது என்று பென்சில்வேனியா தனிச் சட்டமே போட்டதால் தீர்ப்பை நிறைவேற்ற ஆணையிடாமல் தயங்கினார். 1809இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலச் சட்டமன்றம் நினைத்த மாத்திரத்தில் கூட்டாட்சித் தீர்ப்பை ரத்து செய்துவிட முடியாது என்று சொல்லி, நிறைவேற்றும்படி உத்தரவிட்டது.

ஆளுநர் சைமன் ஸ்னைடர் ஜெனரல் மைக்கேல் பிரைட் தலைமையில் மாநிலப் படையை அனுப்பி, அந்தப் பெண்களின் வீட்டைச் சுற்றி நிறுத்தினார். ஊரார் அதற்கு 'ரிட்டன்ஹவுஸ் கோட்டை' என்று பெயர் வைத்தார்கள். கதவருகே ஆயுதம் தாங்கிய மாநில வீரர்கள், எதிரே கையில் ஆணையோடு ஒரு மார்ஷல். இங்கே மார்ஷல் என்பது தலைமை நீதிபதியின் பெயர் அல்ல, கூட்டாட்சி நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியின் பதவிப் பெயர். மாவட்டத்துக்கு ஒருவர் என்று அந்தப் பதவியை உண்டாக்கியதும் 1789ஆம் ஆண்டுச் சட்டம்தான். அவர் தனக்குத் துணையாக 2,000 பேரைத் திரட்ட ஆணையிட்டார். ஆளுநர் ஜனாதிபதி மேடிசனின் உதவியைக் கேட்டார், மேடிசன் மறுத்துவிட்டார். மாநிலம் பணத்தைக் கட்டியது. பிரைட்டும் அவருடைய ஆட்களும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, பின்பு மேடிசனின் மன்னிப்பில் வெளியே வந்தார்கள்.

குழு தீர்ப்புச் சொல்லி 30 ஆண்டு கழித்து ஓம்ஸ்டெட் கைக்குப் பணம் வந்தது. எல்ஸ்வொர்த் 1807 நவம்பர் 26 அன்றே வின்ட்சரில் இறந்துவிட்டிருந்தார்.